வெங்கணனுக்கு ஒரு வாரிசு தேவை

பதினாறு வருஷம் போர்வெல் போடும் ரிக் லாரிகளுக்கு அடியில் மல்லாந்து படுத்து பெயிண்ட் அடித்தபோது வராத இடுப்பு வலி, எட்டு மாதம் சுழல் நாற்காலியில் உட்கார்ந்ததில் வந்துவிட்டது. முருகானந்தம் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் வெங்கணனின் செருப்பைத் திருத்திக்கொண்டிருந்தான்.

வெங்கணன் கரட்டூர்க் கோட்டையின் பாளையக்காரன். இருநூற்று முப்பது வருஷத்துக்கு முன்னால் வாழ்ந்து செத்தவன். முருகானந்தத்தின் திரையில் அவன் செருப்பைக் காலில் போடாமல் கையில் பிடித்தபடி கரட்டுப் பாறைக்குன்றிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தான். மீசை ஒரு பக்கம்தான் முளைத்திருந்தது. கால்கள் இரண்டும் அகத்திக் குச்சி. வயிறு மட்டும் அவனுக்கு அரை அடி முன்னால் தனியாக வந்தது. பார்த்தவுடன் சிரிப்பு வரும். அதற்குத்தான் சம்பளம்.

தொடருக்குப் பெயர் 'தோத்த ராஜாக்கள்'. பத்துப் பகுதி. சென்னையில் ஒரு சேனல் எடுக்கிறது. பொம்மைப்பட வேலை முழுக்க கொண்டப்பநாயக்கன்பட்டியில், ஒரு சிமெண்ட் கடைக்கு மாடியில், அப்ராரின் ஸ்டூடியோவில் நடந்தது. அப்ரார் பெங்களூரில் இந்த வேலையைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பியவன். லாரி முதுகில் முருகானந்தம் வரைந்திருந்த ஒரு புலியைப் பார்த்து, அந்த லாரியை ஓமலூர் வரை துரத்திப் போய் பெயிண்டர் பேரை விசாரித்து, அவனைக் கலை இயக்குநராக வேலைக்கு எடுத்தவன். இங்கேயும் பொம்மைக்கு எலும்பு மாட்டுவதை 'ரிக்' என்றுதான் சொன்னார்கள். அதைக் கேட்டுத்தான் முருகானந்தம் தைரியமாகத் தலையாட்டினான்.

திரையின் மூலையில் சேனல் அதிகாரி தேவிப்ரியாவின் முகம் எட்டிப் பார்த்தது.

"முருகானந்தம் சார், அஞ்சாவது எபிசோட நிறுத்தி வெச்சிருக்கோம்."

"ஏனுங்க மேடம்? நடை எல்லாம் முடிஞ்சுதுங்களே. வயிறு குலுங்கறதுகூட நேத்து முடிச்சிட்டோம்."

"அதான் பிரச்சனையே. மூணாவது எபிசோட்ல ஒரு ராஜாவுக்குத் தொப்பை போட்டோமே, ஞாபகம் இருக்கா? அவங்க குடும்பத்துலேருந்து நோட்டீஸ் வந்திருக்கு. 'எங்கள் முன்னோருக்குத் தொப்பை இருந்ததற்கு ஆதாரம் என்ன'ன்னு கேக்கறாங்க. இனிமே ஒவ்வொரு ராஜாவுக்கும் வாரிசு யாராவது ஒருத்தர்கிட்ட சம்மதக் கடிதம் வாங்கணும்னு எங்க வக்கீல் சொல்லிட்டார். படத்தைக் காட்டி, 'இப்படி வரைஞ்சதுல எனக்கு வருத்தமில்லை'ன்னு கையெழுத்து."

"வெங்கணனுக்கு வாரிசு ஆருன்னு தெரியாதுங்களே."

"கண்டுபிடிங்க. முப்பதாம் தேதிக்குள்ள வரலைன்னா, மீதி எபிசோடு எல்லாம் ஹைதராபாத் போயிடும் சார். எனக்கும் வேற வழி தெரியலை."

முகம் மறைந்தது. அன்று ஐந்தாம் தேதி.

முருகானந்தம் இடுப்பிலிருந்து கையை எடுத்தான். வலி எங்கே போனதென்று தெரியவில்லை. வேலை போனால் பட்டறைதான். நாற்பத்து மூன்று வயதில் உப்புத்தாளைக் கையில் எடுத்து, எவனோ ஒருவனிடம் உதவியாளாகச் சேர்ந்து, வெயிலில் காய்ந்த தகரத்தைத் தேய்க்க வேண்டும். போன ஜூன் மாதம்தான் மகளின் பள்ளிக்கூடப் படிவத்தில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் 'கலை இயக்குநர்' என்று எழுதியிருந்தான். கட்டத்துக்குள் அடங்காமல் எழுத்து வெளியே வந்திருந்தது.

வெங்கணனைப் பற்றி உலகத்தில் மிஞ்சியிருந்தது நாலே வரி. கம்பெனிப் பட்டாளத்து வெள்ளைக்காரன் ஒருவன் எழுதி வைத்தது. 'பத்தொன்பது நாள் கோட்டைக் கதவைத் திறக்கவில்லை. இருபதாம் நாள் காலையில் தானே இறங்கி வந்தான். வெற்றிலை இருக்கிறதா என்று கேட்டான். கொடுத்தோம், கோட்டையைக் கொடுத்தான்.'

மறுநாள் அப்ராரின் காரில் இரண்டு பேரும் கரட்டூருக்குப் போனார்கள். நாமக்கல் பக்கம், கரட்டுக்கு அடியில் எழுபது வீடு. முதல் வீட்டில், "வெத்தலைக்குக் கோட்டையக் குடுத்தவரா? எங்க ஊட்டுல ஆரும் வெத்தலையே போடறதில்லீங்க" என்றார்கள். இரண்டாவது வீட்டில் படத்தைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். மூன்றாவது வீட்டில் மோர் கொடுத்தார்கள். கையெழுத்து கொடுக்கவில்லை.

கரட்டை ஒட்டி இருபதாயிரம் கோழி வைத்துப் பண்ணை நடத்தும் செங்கோடன்தான் டேப்லெட்டைக் கையில் வாங்கி நிதானமாகப் பார்த்தார்.

"இதாருங்க? கோழி புடிக்க வந்த ஆளா?"

"உங்க பாட்டனுக்குப் பாட்டனா இருக்கலாமுங்க" என்றான் முருகானந்தம்.

செங்கோடன் படத்தை விட்டுவிட்டு முருகானந்தத்தைப் பார்த்தார். "இருங்க இருங்க. எங்க சித்தப்பன் ரிக்கு வண்டிக்கு மயிலு போட்ட பெயிண்டரு நீங்கதானுங்களே?"

"ஆமாங்க. இப்ப கலை இயக்குநரு."

"அது இருக்கட்டும் பெயிண்டரு. லாரிக்கு அத்தனாம்பெரிய மயிலு போட்டீங்க. கரட்டு மேல கோட்டை கட்டி ஆண்டவருக்கு ஒரு முழு மீசை போடக் கூடாதுங்களா? மீசை இருந்தா நம்ம பாட்டன்தான்னு சொல்லிக்கலாம். இதை எப்படிங்க சொல்றது?"

பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. வண்டிக்காரர் மயில் கேட்டால் மயில் போட வேண்டும். மயிலுக்குப் பக்கத்தில் விமானம் கேட்டால் விமானம். ஏன் என்று கேட்கக் கூடாது. கேட்டால் அடுத்த வண்டி பக்கத்துப் பட்டறைக்குப் போய்விடும். பதினாறு வருஷம் அப்படிப் பழகிய கை, அப்ரார் வாயைத் திறப்பதற்குள் பேனாவை எடுத்து வெங்கணனின் மீசையை முழுசாக்கிவிட்டது.

"இன்னுங் கொஞ்சம் மேல தூக்குங்க."

தூக்கினான்.

"கையில செருப்பு வேண்டாமுங்க. கத்தி குடுங்க."

கொடுத்தான்.

"நடந்தா வருவாரு? குதிரை."

வந்தது.

"வெள்ளைக் குதிரைங்க."

வெளுத்தது.

"பின்னால சூரியன்."

"அண்ணா" என்று அப்ரார் முழங்கையால் இடித்தான். முருகானந்தம் கவனிக்கவில்லை. சூரியனுக்குக் கதிர் இழுத்துக்கொண்டிருந்தான். அதில் அவன் கெட்டிக்காரன்.

செங்கோடன் முட்டை அட்டையின் மேல் கடிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். "அந்தப் படத்த எனக்கு வாட்ஸப்புல போட்டுடுங்க பெயிண்டரு" என்றார். போட்டுவிட்டார்கள்.

திரும்பும் வழியில் அப்ரார்தான் காரை ஓட்டினான். மல்லூர் தாண்டியதும், "இது சிரிப்புத் தொடருண்ணா" என்றான்.

"சிரிப்பு வசனத்துல இருந்துட்டுப் போவுது தம்பி. கையெழுத்து வந்துருச்சில்ல?"

ஸ்டூடியோவில் பொம்மைகளை அசைப்பது ஸ்ரீதேவியின் வேலை. அம்மாபேட்டைப் பெண். முன்பு பட்டுச்சேலைக்கு முந்தி டிசைன் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகப் போட்டுக்கொண்டிருந்தவள், பொறுமைசாலி. புது வெங்கணனைப் பார்த்துவிட்டு அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

"அண்ணா, இவ்ளோ பெரிய குதிரை, இவ்ளோ பெரிய கத்தி, பின்னாடி சூரியன் வேற. இந்த ஆளு எதுக்கு வெத்தலைக்கு எறங்கி வராரு?"

"சண்டையில வாய் காஞ்சிருக்கும்மா."

"சண்டையே நடக்கலியேண்ணா."

முருகானந்தம் தேநீர் குடிக்கப் போனான்.

நாலாம் நாள் விவகாரம் பெரிதானது. செங்கோடன் வீட்டில் ஒரு காதுகுத்து. அதற்கு நாமக்கல் சாலையில் இருபதடி பிளக்ஸ் வைத்துவிட்டார். வெள்ளைக் குதிரை, சூரியன், மீசை. கீழே 'கரட்டூர்க் கோட்டை மாவீரன் வெங்கணன் வம்சத்தார் அன்புடன் அழைக்கிறார்கள்'. வம்சத்தார் வரிசையில் செங்கோடனின் படம், குதிரையைவிடக் கொஞ்சம் பெரிதாக.

அந்தச் சாலையில் பரமத்தி வேலூரைச் சேர்ந்த விவசாயி சென்னிமலை தினமும் வெற்றிலைக் கட்டு ஏற்றிக்கொண்டு போகிறவர். ஐந்தாம் நாள் காலையில் அவர் ஒரு டெம்போவில் பதினோரு பேரோடு வந்து இறங்கினார். மாடிப்படி முழுக்கச் செருப்பு. ஸ்டூடியோவில் ஆறு நாற்காலிதான். மீதிப் பேர் நின்றுகொண்டே கோபப்பட்டார்கள்.

"வெங்கணனுக்கு ரெண்டு சம்சாரமுங்க" என்று ஆரம்பித்தார் சென்னிமலை. "நாங்க மூத்த சம்சாரத்து வழி. பெரிய ஊடு. கோட்டை போனதுக்கப்புறம் ஆத்தோரம் வந்துட்டோம். அந்தக் கோழிக்காரரு ஆரைக் கேட்டுங்க வாரிசுன்னு கையெழுத்துப் போட்டாரு?"

போன வாரம் வரை ஒருவர்கூட இல்லாத வெங்கணனுக்கு இன்று இரண்டு சம்சாரமும் பன்னிரண்டு வாரிசும் இருந்தார்கள்.

"நீங்களும் ஒரு கையெழுத்துப் போட்டுருங்களேன்" என்றான் அப்ரார் ஆசையாக.

"போடறோமுங்க. ஆனா கதையத் திருத்தோணும். வெத்தலை இருக்குதான்னு அவரு கேட்டாருங்களாமா? தலைமுறை தலைமுறையா வெத்தலைக் கொடிக்கால் வெச்சிருக்கறவங்க நாங்க. அவரு எதுக்குங்க கேக்கோணும்? குடுக்கத்தான் எறங்கி வந்தாரு!"

சென்னிமலையின் சம்சாரம் வசந்தாமணி படத்துக்குப் பக்கத்தில் வந்து பார்த்தார். "குதிரை ஆரு கேட்டது? நம்ம வம்சத்துல ஆருக்குக் குதிரை ஏறத் தெரியும்? அழகா ஒரு வெளுப்பு மயிலைக் காளை போடுங்க சாமி. மீசையையும் இப்படி மேல முறுக்காதீங்க, ரவுடியாட்டம் இருக்குது. கீழ எறக்கி உடுங்க."

முருகானந்தத்தின் கை தானாகப் பேனாவைத் தேடியது. குதிரை காளையாக மாறியது. பதினோரு பேரும் கைதட்டினார்கள். பட்டறையில் யாரும் அவனுக்குக் கைதட்டியதில்லை.

சாயங்காலம் தேவிப்ரியா அழைத்தாள். "ரெண்டு குடும்பம்னு தெரிஞ்சுபோச்சில்ல சார், வக்கீல் ரெண்டு பேரும் ஒரே படத்துக்குக் கையெழுத்துப் போடணும்ங்கறார்."

முருகானந்தம் செங்கோடனுக்குப் போன் போட்டு, காளை என்று மெதுவாகச் சொன்னான்.

"மாட்டு மேல உக்காந்துக்கிட்டு சண்டைக்குப் போவாங்களாங்க?" என்று போன் கத்தியது. பின்னால் இருபதாயிரம் கோழியும் கத்தின. "அப்புறம் எருமை மேல ஏத்துவீங்க! எருமைல வாரவன் ஆருன்னு தெரியுமில்ல? காளைமாட்டோட வாலு நுனி தெரிஞ்சாலும் நான் கையெழுத்த வாபஸ் வாங்கிப்போடுவேன் பெயிண்டரு!"

சென்னிமலையும் சளைக்கவில்லை. குதிரையின் காது நுனி தெரிந்தாலும் கோர்ட்டுக்குப் போவதாகச் சொன்னார். மீசைக்கும் அப்படியே. மேலே என்றால் இவர் விடமாட்டார், கீழே என்றால் அவர் விடமாட்டார்.

இரண்டு நாள் முருகானந்தம் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. மூன்றாம் நாள் காலை, சிமெண்ட் கடையில் மூட்டை இறக்கியபோது கிளம்பிய புழுதி மாடி ஜன்னல் வரை வந்தது. அதற்குள் நின்ற ஆட்கள் யார் எவரென்று தெரியவில்லை. முருகானந்தம் ஓடிப்போய் நாற்காலியில் உட்கார்ந்தான்.

வெங்கணனுக்குக் கீழே பெரிய புழுதி போட்டான். உள்ளே குதிரையா காளையா என்று கடவுளுக்கே தெரியாது. மீசையை மறைக்க முகத்துக்கு முன்னால் ஒரு கேடயம் கொடுத்தான். கேடயத்துக்கு மேலே தலைப்பாகை கொஞ்சம் எட்டிப் பார்த்தது. தலைப்பாகை பச்சையா சிவப்பா என்று அன்று மத்தியானமே சண்டை வந்ததால், புழுதியை இன்னும் ஒரு முழம் உயர்த்தினான்.

செங்கோடன் பார்த்தார். "உள்ள குதிரைதானுங்களே?"

"நீங்க நெனைக்கறதுதானுங்க."

கையெழுத்துப் போட்டார். சென்னிமலையும் அதே கேள்வியைக் கேட்டு, அதே பதிலை வாங்கி, அதற்குக் கீழேயே கையெழுத்துப் போட்டார். முருகானந்தம் அன்றைக்கு இரண்டு பிளேட் பிரியாணி தின்றான்.

ஸ்ரீதேவி மட்டும் புழுதியை அசைத்துக்கொண்டிருந்தாள். கடைசியில், "அண்ணா, எனக்கு ஒரு சந்தேகம்" என்றாள். "புழுதி எங்க மூச்சு விடணும்? வசனம் பேசறப்ப எந்தப் பக்கம் அசையணும்?"

"நடுவுலம்மா."

தேவிப்ரியா அந்தப் படத்தைப் பார்த்தபோது கொஞ்ச நேரம் திரை உறைந்துவிட்டதென்றுதான் முருகானந்தம் நினைத்தான். உறையவில்லை. அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"சார்."

"சொல்லுங்க மேடம்."

"ஆள் எங்க சார்?"

"உள்ளதான் இருக்காருங்க."

"ரெண்டு நிமிஷம் பதினாறு செகண்ட் புழுதி வருது. புழுதி வெத்தலை கேக்குது. வெள்ளைக்காரன் புழுதிக்கு வெத்தலை குடுக்கறான். புழுதி அதை வாங்கிக்குது. இதை நான் எந்த மூஞ்சியோட மேல காட்டறது?"

"கையெழுத்து ரெண்டும் இருக்குதுங்க மேடம்."

"கையெழுத்துக்கு யாரும் சிரிக்கமாட்டாங்க சார்! அந்தப் பழைய ஆளைக் கொண்டு வாங்க. செருப்பு, வயிறு, அரை மீசை. அதைப் பாத்துதான் இந்தத் தொடரையே உங்க கைல குடுத்தோம். அதே படத்துக்கு வாரிசு கையெழுத்து. தேதி இன்னிக்குப் பதினெட்டு. இனிப் பங்காளிச் சண்டை வரக்கூடாதுன்னு வக்கீல் சொல்றார்; வாரிசு ஒரே ஆள்தான்னு பேப்பர்ல விளம்பரம் குடுத்து, ஏழு நாள் யாரும் ஆட்சேபணை சொல்லலைன்னு வேற வேணுமாம். இனி உங்க கைல இருக்கு."

பழைய வெங்கணனைத் திரும்பக் கொண்டுவர ஒரு மணி நேரம்தான் ஆனது. புழுதிக்குள்ளிருந்து செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அவன் வெளியே வந்தான். வயிறு முதலில் வந்தது.

செங்கோடன் படத்தைப் பார்த்துவிட்டுப் போனை வைத்துவிட்டார். சென்னிமலை வைக்கவில்லை, அவர் பேசியதை அச்சில் போட முடியாது. இரண்டு பேரும் கையெழுத்தை வாபஸ் வாங்கினார்கள். பிளக்ஸ் இறங்கியது. கோழிக் கொட்டகையில் சாரல் அடிக்கும் பக்கம் கட்டினார்கள். வெள்ளைக் குதிரையை இப்போது கோழிகள் மட்டும்தான் பார்த்தன.

அன்று மத்தியானம் மூன்று பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்கள். வெங்கணன் இறங்கி வந்தான், மறுபடி இறங்கி வந்தான், மறுபடியும் இறங்கி வந்தான்.

"அண்ணா, கோவிச்சுக்காதீங்க" என்றாள் ஸ்ரீதேவி. "இது நீங்கதானே?"

"எது?"

"வெங்கணன்."

முருகானந்தத்தின் மேஜையில் எப்போதும் ஒரு கைக்கண்ணாடி இருக்கும். பொம்மைக்குக் கோபம், அழுகை எல்லாம் தன் முகத்தில் பார்த்துப் பார்த்துத்தான் வரைவான். கண்ணாடியை எடுத்தான். பட்டறையில் கம்ப்ரஸர் வெடித்து மேலுதடு வெந்ததில் இடது பக்கம் மீசை முளைப்பதில்லை. எழுந்து நின்று பக்கவாட்டில் பார்த்தான். வயிறு அரை அடி முன்னால் இருந்தது. காலைப் பார்க்கவில்லை. போதும் என்று தோன்றியது.

அப்ராரின் கண் மின்னியது. "அண்ணா, உங்க தாத்தா பேரென்ன?"

"கருப்பணன்."

"அவரோட அப்பா?"

"கல்லு ஒடைக்கறவரு."

"வேலை இல்லண்ணா. பேரு."

"தெரியாது தம்பி. கல்லு ஒடைக்கறவனை ஆரு பேரு சொல்லிக் கூப்புட்டா? டேய்னாப் போதும், திரும்பிப் பாத்திருப்பாரு."

"அப்ப அவருக்கு அப்பா, தாத்தா யாருன்னு உங்களுக்குத் தெரியாது?"

"எங்களுக்கே தெரியாது."

"வெங்கணன் இல்லைன்னு யாராவது சொல்ல முடியுமா?"

முருகானந்தம் யோசித்தான். பொய்க் கையெழுத்துப் போட அவனுக்கு மனசில்லை. உப்புத்தாள் ஞாபகம் வந்தது. மகளின் படிவத்தில் கட்டத்துக்கு வெளியே வந்திருந்த எழுத்தும் ஞாபகம் வந்தது.

"முடியாதுதான்" என்றான்.

கலெக்டர் ஆபீஸ் பக்கம் உட்கார்ந்திருந்த நோட்டரி வக்கீல் முருகானந்தத்தை மேலிருந்து கீழ் வரை பார்த்தார்.

"ராஜாவுக்கு ஏக வாரிசு நீயா?"

"ஆமாங்க."

"சொத்து ஏதாவது இருக்கா?"

"கோட்டை இடிஞ்சிருச்சுங்க. கரடு வனத்துறைக்குப் போயிருச்சு."

"அப்ப யாரும் போட்டிக்கு வரமாட்டான். போடு கையெழுத்தை."

முத்திரைத்தாளில் 'மேற்படி வெங்கணன் என்பாரின் ஏக வாரிசு நானே' என்பதற்குக் கீழே முருகானந்தம் கையெழுத்துப் போட்டான். செங்கோடனும் சென்னிமலையும் கூப்பிடுவதற்கு முன்னாலேயே வந்து, 'எங்களுக்கும் மேற்படி வெங்கணனுக்கும் எந்த ஒட்டும் உறவும் இல்லை' என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்த இரண்டு குடும்பமும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

வீட்டில் அவன் சம்சாரம் கோகிலவாணியிடம் விஷயத்தைச் சொன்னான்.

"அப்படீங்களா?" என்றாள் அவள். "ராச வம்சம் தின்ன வட்டலக் கழுவி வெச்சிட்டுப் போய்ப் படுக்கட்டும்."

பேப்பரில் விளம்பரம் வந்தது. வெங்கணன், கரட்டூர்க் கோட்டை, ஏக வாரிசு முருகானந்தம், ஆட்சேபணை உள்ளவர்கள் ஏழு நாட்களுக்குள் கீழ்க்கண்ட முகவரிக்கு. முதல் நாள் முழுக்க மாடிப்படியில் சத்தம் கேட்கும்போதெல்லாம் முருகானந்தம் எழுந்து நின்றான். தபால்காரர் வந்தார். தண்ணீர் கேன் வந்தது. மூன்றாம் நாள் ஒருவர் வந்து வெங்கணனைப் பற்றிக் கேட்டார், முருகானந்தம் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றான். இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட். ராஜ வம்சத்துக்குத் தனிப் பாலிசி இருப்பதாகச் சொன்னார். ஆறாம் நாள் வரை வேறு யாரும் வரவில்லை. ஸ்ரீதேவி படத்தின் கடைசியில் பேர் வரும் அட்டையைத் தயார் செய்தாள். 'கலை இயக்கம்: முருகானந்தம்.' இரண்டு செகண்ட் வரும். "மூணு செகண்ட் வெய்யேன்மா" என்றான். வைத்தாள்.

ஏழாம் நாள். ஐந்து மணிக்குக் கெடு முடிகிறது. நாலே முக்காலுக்கு கீழே ஒரு மொபெட் வந்து நின்றது. படியில் காலடி கேட்டது. அப்ரார் முருகானந்தத்தைப் பார்த்தான். முருகானந்தம் கடிகாரத்தைப் பார்த்தான்.

வந்தவளுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். சேலைக்கு மேலே ஆம்பிளைச் சட்டை போட்டு, சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள். வெயிலில் வேலை செய்த கை. அதில் எண்ணெய் ஊறிய பேப்பர்த் துண்டு ஒன்று.

"போண்டா கட்டிக் குடுத்தாங்க, அதுல பாத்தனுங்க. இதைப் போட்டது நீங்களா?"

"ஆமாம்மா" என்றான் அப்ரார். "நீங்க... வெங்கணனுக்கு வாரிசா?"

"அய்ய! இல்லீங்க சாமி. எம்பேரு சின்னாயி. எனக்கெதுக்கு ராச வம்சமெல்லாம்?"

மூன்று பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள்.

"அப்ப ஆட்சேபணை ஏதாவது?"

"என்ன ஆச்சேபணை? நல்ல காரியம் பண்ணியிருக்கீங்க. அவருக்கு ஒரு வாரிசு இருக்கோணும்னு எங்க சனம் கும்புடாத சாமியில்ல."

முருகானந்தத்துக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாளில் வெங்கணனைப் பற்றி ஒருவர் நல்ல வார்த்தை சொல்லி அவன் கேட்டதில்லை.

அப்ரார் நேரத்தை வீணாக்கவில்லை. 'எனக்கு ஆட்சேபணை இல்லை' என்று ஒரு தாளில் எழுதி நீட்டினான். அவள் எழுத்துக் கூட்டிப் படித்து, கையெழுத்துப் போட்டாள். ஐந்து மணிக்கு எல்லாத் தாளும் சென்னைக்குப் போயிற்று. ஐந்து பத்துக்கு தேவிப்ரியாவிடமிருந்து பதில் வந்தது. 'அஞ்சு ஓகே. மீதி அஞ்சும் உங்களுக்குத்தான். பழைய ஆளைத் தொடாதீங்க.'

ஸ்ரீதேவி கைதட்டினாள். அப்ரார் முருகானந்தத்தைத் தூக்கப் பார்த்தான். வயிறு இடம் கொடுக்கவில்லை. கீழே கடையில் பஜ்ஜியும் தேநீரும் சொன்னார்கள். சின்னாயிக்கு நாற்காலி போட்டு, முதல் பஜ்ஜியை அவளிடம் கொடுத்தார்கள்.

"வாரிசு ஆருங்க?" என்று கேட்டாள்.

முருகானந்தம் முன்னால் வந்து நின்றான். அவளுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று திரைக்குப் பக்கத்திலேயே நின்றான். அவள் திரையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள்.

"அதே மூஞ்சி. மாறவேயில்ல."

"எல்லாரும் அதான் சொல்றாங்க" என்றான் முருகானந்தம் கூச்சத்தோடு.

"முத்திரைத்தாள்ல கையெழுத்துப் போட்டது நீங்கதானுங்களே? ஏக வாரிசுன்னு?"

"நாந்தானுங்க."

"வேற பங்காளி ஆரும் இல்லீங்களே?"

"ஆரும் இல்லீங்க. ரெண்டு பேரு இருந்தாங்க, எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாங்க. மொத்தமும் நான்தான்" என்று முருகானந்தம் நெஞ்சை நிமிர்த்தினான்.

சின்னாயி பஜ்ஜியைத் தின்று முடித்து, கையைப் பேப்பரில் துடைத்து, பேப்பரை மடித்துச் சட்டைப் பைக்குள் பத்திரமாக வைத்தாள்.

"எங்க சனத்துல பொங்கலுக்குப் பொங்கல் ஆடு எண்ணறப்போ, பட்டியில நிக்கறத எண்ணிட்டு, 'இன்னும் நாப்பத்திரண்டு'ன்னு சேத்துத்தான் சொல்லுவோமுங்க" என்றாள். "பத்தொம்போது நாளு கோட்டைக் கதவச் சாத்திக்கிட்டுத் தின்னுபோட்டு, தின்னு முடிஞ்சதும் வெத்தலை கேட்டு எறங்கி வந்தாரே உங்க பாட்டன், அந்த வெள்ளாடு நாப்பத்திரண்டும் எங்க பட்டியிலேருந்து ஓட்டிக்கிட்டுப் போனது, இன்னும் பாக்கிங்க சாமி."